நம் குரலும் நூலகம் ஏறட்டும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை. அங்கத்தினர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)

 

நூலகங்கள் இப்போது புத்தகங்களை மட்டும் சேர்ப்பதில்லை. மக்களின் வாய்ச்சொல்லையும் ஒலிப்பதிவு செய்து சேர்க்கின்றன. அதில் ஒரு பகுதியைத் தொகுத்து எல்லோரும் கேட்கும்படி வெளியிடுகின்றன. இதில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன வேலை என்று பேசும்படி கிளைக் கமிட்டியார் என்னைப் பணித்தார்கள். சம்பளம், வீடு, ஆஸ்பத்திரி என்று பேச ஆயிரம் விஷயம் இருக்கையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

வெட்டுக்காட்டில் நின்றவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. பி.பி. 86 என்றால் என்ன? பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். மரம், நல்ல பால் கொடுத்த மரம். அந்தப் ‘பி.பி.’ எதைக் குறிக்கிறது? பிராங் பெசார் என்ற தோட்டத்தின் முதலெழுத்துகள் அவை. முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்கார இராணுவ அதிகாரிகள் 1921-ம் ஆண்டு திறந்த தோட்டம் அது. மலாய் மொழியில் ‘பெரும் போர்’ என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தத் தோட்டம் இன்று இல்லை. 1995-ம் ஆண்டு முதல் அந்த மண்ணின் மேல்தான் புத்ராஜெயா எழும்பியது. பெரிய ஏரி, பெரிய பாலங்கள், அமைச்சுகள் எல்லாம் அங்கே நிற்கின்றன.

தோட்டம் போனாலும் மரத்தின் பெயர் போகவில்லை. அது எந்தத் தோட்டத்து ஒட்டு, எத்தனை பால் கொடுக்கும், எந்த நோய் தாக்கும் என்பதெல்லாம் ஆராய்ச்சி ஏடுகளில் அச்சாகி இருக்கின்றன. நல்லது, இருக்க வேண்டியதுதான். ஆனால் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்து, அந்த மரத்தை வெட்டிய கை யாருடையது? எந்த லயத்தில் குடியிருந்தார்கள்? எந்தக் கோயிலில் திருவிழா எடுத்தார்கள்? பிள்ளையை எந்த ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தார்கள்? மரத்துக்கு ஏடு இருக்கிறது. மரத்தை வெட்டியவருக்கு ஏடு இருக்கிறதா?

‘ஏன் இல்லை, செக்ரோல் இருக்கிறதே’ என்று இங்கே அமர்ந்திருக்கும் என் தொழில் நண்பர்கள் சொல்லலாம். உண்மைதான். நானே முப்பது வருஷத்துக்கு மேல் செக்ரோல் எழுதியவன். அதில் என்ன எழுதினோம்? நம்பர், வேலைக்கு வந்த நாள், வராத நாள், பால் எத்தனை, கனம் எத்தனை, ஒட்டுப்பால் எத்தனை, பிடித்தம் எத்தனை, கையில் கொடுத்தது எத்தனை. கணக்கு ஒரு காசு பிசகாது. ஆனால் ஒரு மனுஷியின் முப்பது வருஷத்தை அந்தக் கட்டங்களில் தேடினால் ஒரு நம்பர்தான் கிடைக்கும். தோட்டம் கைமாறும்போது அந்தப் புத்தகங்களும் பல இடங்களில் எரிந்தன, கரையான் தின்றன. நம்பரும் போயிற்று.

வேறு சில இடங்களில் நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலை நிறுத்தத்தை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்தியது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கொடு என்றெல்லாம் கோரிக்கைகள் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இந்தக் கோரிக்கைப் பட்டியல் நமக்கு எப்படித் தெரியும்? அன்றைய அரசாங்க அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் அறிக்கைகளிலும் பதிவாகி இருப்பதால் தெரியும். நம்மைச் சுட்டவர்கள் வைத்த கோப்பில் நம் கோரிக்கை இருக்கிறது. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவன் மனத்தில் என்ன இருந்தது? ஒரு நாள் ‘இனி இறங்கமாட்டேன்’ என்று மிதித்துக்கொண்டு போனவன் அன்று இரவு வீட்டில் மனைவியிடம் என்ன சொன்னான்? அது எந்தக் கோப்பிலும் இல்லை. அவன் வாயில் இருந்தது. கேட்பார் இல்லாமல் அவனோடு போயிற்று.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. சயாம் மரண ரயில். 1942-லும் 1943-லும் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அறுபதினாயிரம் பேருக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, வயது இருக்கிறது. பிழைத்தவர்கள் நாட்குறிப்பை வெளியிட்டார்கள், புத்தகம் எழுதினார்கள், சினிமாவும் எடுத்தார்கள். அவர்கள் பட்ட துன்பத்தை நாம் குறைத்துப் பேசவில்லை.

அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லோரியில் ஏற்றப்பட்ட தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். மொத்தம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்பார், இன்னொருவர் இரண்டு லட்சத்துக்கும் மேலே என்பார். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வருகிறது. ஏன்? பெயர்ப் பட்டியல் இல்லை. இறந்தவனுக்குக் கல் இல்லை. திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னதுதான் நமக்குள்ள சாட்சி. அந்தச் சாட்சியையும் கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்து அப்பனை லோரியில் ஏற்றிவிட்டவர், இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறைக் கடந்தவர். தோழர்களே, அடுத்த பொங்கலுக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை இது.

சரி, வெளி உலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பக்கத்து வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

சிங்கப்பூரில் 1979-ம் ஆண்டு வாய்மொழி வரலாற்றுக்கென்று அரசாங்கமே ஒரு பிரிவை ஏற்படுத்தியது. 1981-ல் ஜப்பான்காரன் கால அனுபவங்களைத் திரட்டும் திட்டத்தை அப்பிரிவு தொடங்கியது. அமைச்சர், செல்வந்தர் என்று மட்டும் பார்க்கவில்லை. மறைந்துவரும் தொழில்களைச் செய்தோரையும் தேடிப் போய்க் கேட்டார்கள். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று பேசுகிறவரின் மொழியிலேயே பதிவு செய்கிறார்கள். அரை மணி நேரம் கொண்ட ஒலிநாடாக்களாகப் பிரித்து, எந்த நாடாவில் என்ன பேச்சு என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள். 2012-ம் ஆண்டு முதல் அந்நிலையம் தேசிய ஆவணக் காப்பகத்தோடு தேசிய நூலக வாரியத்தின் கீழ் இயங்குகிறது. பல பதிவுகளை வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கேட்கலாம்.

இப்போது ‘பாட்காஸ்ட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் வலையொலி என்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை, ரேடியோ நிகழ்ச்சிதான். ஆனால் ரேடியோவில் எட்டு மணிக்கு நிகழ்ச்சி என்றால் எட்டு மணிக்கு நாம் பெட்டி முன்னால் இருக்க வேண்டும். வலையொலி நம் சௌகரியத்துக்குக் காத்திருக்கும். போனில் எடுத்து வேலைக்குப் போகும் வழியிலும் கேட்கலாம், சமைக்கும்போதும் கேட்கலாம். புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்கும் அது எட்டும். பல நூலகங்கள் தங்கள் சேமிப்பில் உள்ள நீண்ட பேச்சுகளிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, முன்னும் பின்னும் விளக்கம் சேர்த்து இப்படி வெளியிடுகின்றன. அலமாரியில் பூட்டிக் கிடந்த குரல் ஊருக்குள் நடமாடுகிறது.

அமெரிக்காவிலிருந்து இரண்டு செய்திகள். அந்நாட்டில் பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைத்தனம் 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, 1936-க்கும் 1938-க்கும் இடையில், உயிரோடு இருந்த பழைய அடிமைகளைத் தேடிப் போய் அவர்கள் வாய்மொழியை அரசாங்கச் செலவில் எழுதினார்கள். இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் பேசினார்கள். அது இன்றும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் தாமதித்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்காது.

ஆனால் அந்தப் பதிவில் ஒரு குறை உண்டு. கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்த கிழவரும் கிழவியும் ‘எங்கள் எசமான் நல்லவர்’ என்று முடித்துக்கொண்டது அதிகம். கறுப்பினத்தவர் கேட்ட இடங்களில் சாட்டையடியைப் பற்றியும், பிள்ளையைப் பிரித்து விற்றதைப் பற்றியும் மனம் திறந்து சொன்னார்கள். என்ன கேட்டோம் என்பது மட்டும் போதாது, யார் கேட்டது என்பதும் பதிலை மாற்றிவிடுகிறது என்று பின்னால் வந்த அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இரண்டாவது செய்தி பிற்காலத்தது. 2003-ம் ஆண்டு நியூயார்க் நகரின் பெரிய ரயில் நிலையத்தில் ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற அமைப்பு ஒரு சின்ன அறையை வைத்தது. அங்கே அன்னியர் யாரும் கேள்வி கேட்கவில்லை. தாயும் மகனும், தாத்தாவும் பேத்தியும், இரண்டு கூட்டாளிகளும் உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஒருவரை ஒருவர் கேட்டுப் பேசுவார்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதி காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். அவற்றில் சில ரேடியோவிலும் வலையொலியிலும் வரும். பழைய குறைக்கு இது ஒரு மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அந்தக் குறை என் கையாலேயே நடந்தது.

எழுபதுகளில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அங்கே பால் வெட்டிய ஓர் அம்மா இன்று எண்பது வயதைத் தாண்டியவர். மகள் வீட்டில், பட்டணத்து அடுக்கு மாடியில் இருக்கிறார். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ‘பழைய கதையெல்லாம் சொல்லுங்கம்மா, பதிவு செய்து வைப்போம்’ என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி கொடுத்தார், தாம் மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. ‘எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க ஐயா. நீங்கள்லாம் எங்களை நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. யாரும் குறை வெக்கல’ என்றார். அரை மணி நேரம் இதையேதான் மாற்றி மாற்றிச் சொன்னார். நானும் சந்தோஷமாக வீடு வந்தேன்.

அவர் பேத்தி கல்லூரியில் படிக்கிற பெண். ‘நான் கேட்டுப் பார்க்கிறேன் தாத்தா’ என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கீரை ஆய்ந்துகொண்டே பேசியதைப் பதிவு செய்தாள். பிறகு, பாட்டி சம்மதத்தோடுதான், எனக்குப் போட்டுக் காட்டினாள். அதில் அந்த அம்மா சொல்கிறார்: மழைக்காலம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். இரவில் கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக லோரி கேட்டு அவர் வீட்டுக்காரர் ஓடினார். லோரி கிடைக்கவில்லை. விடியுமுன் பிள்ளை போய்விட்டது. அடக்கம் பண்ணி, மூன்று நாள் அவர் காட்டுக்குப் போகவில்லை. நாலாம் நாள் பெரட்டுக் களத்தில் நின்றார். ‘யாரும் ஒன்னும் கேக்கல. நானும் ஒன்னும் சொல்லல. அந்த மாசச் சம்பளத்துல மூனு நாள் காசு இல்ல. எம் புள்ளைய நெனச்சா எனக்கு அந்தச் சம்பளத்துண்டுதான் ஞாபகம் வருது’ என்கிறார்.

தோழர்களே, அந்த மூன்று நாளையும் செக்ரோலில் ‘வரவில்லை’ என்று குறித்த கை இதோ இந்தக் கை. எனக்கு அது ஞாபகமே இல்லை. கணக்குப்படி நான் எழுதியது சரி. அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது வருஷம் கழித்து ஒருத்தி கீரை ஆய்கிறபோதுதான் அந்தக் கணக்கில் விட்டுப்போனது என்ன என்று தெரிந்தது. என் முன்னால் அவர் அதைச் சொல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். நான் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அவருக்கு நான் இன்னும் கிராணி ஐயாதான்.

பதிவின் கடைசியில் பேத்தி கேட்கிறாள்: ‘இதை எல்லாரும் கேக்கிற மாதிரி போடலாமா பாட்டி?’ அவர் சொல்கிறார்: ‘ஊரெல்லாம் கேக்க வேணாம்மா. ஆனா அழிச்சிராத. நாளைக்கு ஒம் புள்ளைங்க கேக்கட்டும்.’ இன்று இவ்வளவு சொல்வதற்குக்கூட நான் அவரிடம் போய் உத்தரவு வாங்கித்தான் வந்திருக்கிறேன்.

இனி நாம் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

முதலாவது, கேட்கிறவர் யார் என்று பார்த்து வையுங்கள். என்னைப் போன்ற கிராணிமார் தொழிலாளியைப் பேட்டி காணப் போக வேண்டாம். பேரன் பேத்திகள் போகட்டும். கூட நின்று மங்கு துடைத்த கூட்டாளி போகட்டும். தாய்மார்களிடம் மாதர் பகுதியினர் போகட்டும். கிராணிமாருக்கு வேறு வேலை இருக்கிறது. பெயர், ஊர், ஆண்டு, யார் யாருக்கு என்ன உறவு, எந்த நிமிஷத்தில் என்ன பேச்சு வருகிறது என்று குறிப்பெழுதும் வேலை. அது நமக்குக் கைவந்த கலை. இந்தத் தடவை நம்பரை விட்டுவிட்டுப் பெயரை எழுதுவோம்.

இரண்டாவது, கேள்வி சின்னதாக இருக்கட்டும். ‘உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருந்தது’ என்ற பதில்தான் வரும். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? உளி தீட்ட யார் கற்றுக் கொடுத்தது? உங்கள் நிரையில் எத்தனை மரம்? மழை பெய்து பால் கரைந்துபோன நாளில் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? அவசர காலத்தில் முள்வேலி போட்டபோது பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்? சங்கத்துக்கு முதல் சந்தா கட்டியது எப்போது, யார் வந்து வாங்கினார்? இப்படிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் மௌனமாக இருந்தால் நாமும் மௌனமாக இருப்போம். மௌனத்துக்குப் பிறகுதான் பெரிய பேச்சு வரும்.

மூன்றாவது, கொண்டாட்டத்தை மட்டும் பதிவு செய்யாதீர்கள். தீமிதியும் பொங்கலும் திடலில் பந்தடித்ததும் பள்ளிக்கூடத்து நாடகமும் வேண்டும், நிச்சயம் வேண்டும். அவை நம் சந்தோஷம். ஆனால் கங்காணியின் அதட்டலும் வேண்டும். கள்ளுக்கடையில் கரைந்த சம்பளமும், அதனால் வீட்டில் பெண்கள் பட்ட அடியும் வேண்டும். ஒரே லயத்தில் குடியிருந்துகொண்டு சாதி பார்த்த நம் குற்றமும் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது வீடு இழந்தவர் கதையும், 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வெள்ளி வெள்ளியாகப் பணம் கட்டியவர் கதையும் வேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் நம் பேரப்பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

நான்காவது, சேமிப்பதும் ஒலிபரப்புவதும் ஒன்றல்ல. முழுப் பேச்சையும் ஓர் எழுத்துக் குறையாமல் சேமிக்க வேண்டும். அதில் எதை வெளியே விடலாம் என்பதைச் சொன்னவரே தீர்மானிக்க வேண்டும். பேசும் முன் சம்மதம் கேளுங்கள். பேசி முடித்ததும் இன்னொரு தடவை கேளுங்கள். பத்து நாள் கழித்து ‘வேண்டாம்’ என்றால், வேண்டாம்தான். இறந்துபோனவரைக் குறை சொல்லும் பேச்சும், உயிரோடு இருப்பவரின் மானத்தைத் தொடும் பேச்சும் வலையொலிக்குப் போக வேண்டாம்.

ஐந்தாவது, சாமான் வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையில் உள்ள போன் போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, போனை மேசைமேல் வெறும் பலகையில் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் இவற்றைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்ததும் இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். போன் தண்ணீரில் விழும், கம்ப்யூட்டர் கெட்டுப்போகும், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். மூன்றாவது பிரதி நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும். அங்கே போய், ‘எங்களிடம் இவ்வளவு பதிவு இருக்கிறது, தமிழில் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சங்கத்தின் பெயரால் மனுக் கொடுப்போம்.

‘நூலகம் படித்தவர்களுக்கு உரியது, நம்மை உள்ளே விடுவார்களா’ என்று யாரேனும் தயங்கினால் ஒன்று நினைவூட்டுகிறேன். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் பகுதி ஏற்படவும், அதன் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்கள் சேரவும், தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பால் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் கொடுத்தார்கள். நூலகத்துக்கு வெள்ளி கொடுத்த வர்க்கம் நம்முடையது. அந்த அலமாரியில் நம் குரலுக்கும் ஓர் இடம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

பெரியோர்களே, ஒரு காலத்தில் நாடெங்கும் ரப்பர் காடு. இன்று பெரும்பகுதி செம்பனை. பாக்கி வீட்டுமனை, தொழிற்சாலை, நெடுஞ்சாலை. நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். போகட்டும், உளி பிடிக்காமல் பேனா பிடிக்கட்டும் என்றுதான் நாம் பாடுபட்டோம். ஆனால் நம் பேரன் ஒரு நாள் நெடுஞ்சாலையில் காரில் போகும்போது, ‘இங்கேதான் என் பாட்டியின் நிரை இருந்தது’ என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டாமா? லயம் இடிந்துவிட்டது, கோயில் இடம் மாறிவிட்டது, மரமும் இல்லை. பாட்டியின் குரல் இருந்தால் அவனுக்கு வழி தெரியும்.

ஆகவே ஒரு தீர்மானத்தைக் கிளையின் முன் வைத்து முடிக்கிறேன். இக்கிளையில் எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் காரியதரிசி இந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும். வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒருவர் வீதம் வாலிபர் பகுதியும் மாதர் பகுதியும் போய்ப் பதிவு செய்ய வேண்டும். பதிவான பேச்சின் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுதிப் பழகிய கை. முன்பு விட்டதை இப்போதாவது எழுதட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரின் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒன்று கேளுங்கள்: ‘அம்மா, முதல் முதலாகக் காட்டுக்குப் போன அன்று உன் கூட வந்தது யார்?’